ஸெக்கோயாப் பெருமரம்: அதனை வளர்க்கும் முறையும் காக்கும் முறையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்கு ஓரத்தில் உள்ள கலிபோர்னியா ராஜ்யத்தில், ஸியரா நெவாடா என்னும் மலைத்தொடரின் மேற்குச் சரிவிலே, கடல் மட்டத்திற்கு மேல் பெரும்பாலும் 4,600 அடி முதல் 7,000 அடி வரை உயர்ந்த இடங்களில் ஸெக்கோயா என்னும் பெருமரம் இயற்கையாய் வளர்கின்றது. உலகில் வேறெங்கும் இம்மரம் தானே முளைத்துக் காடாவதில்லை. ஏறக்குறைய 250 மைல் நீளமுள்ள ஒரு குறுகிய நிலப்பட்டையில், எழுபதுக்கும் மேற்பட்ட தோப்புகளாகப் பிரிந்து பிரிந்து அது நிற்கின்றது. சில தோப்புகளில் பல்லாயிரம் மரங்கள் உண்டு; வேறு சிலவற்றில் விரல்விட்டு எண்ணத்தக்க மரங்களே உண்டு. எல்லாத் தோப்புகளையும் சேர்த்து அளந்தாலும் 30,000 ஏக்கருக்கு மேற்படாது. அதாவது, இந்நாட்டு ரெவின்யூ பிர்க்கா ஒன்றினுள் அடங்கிவிடக்கூடிய நிலமே இம்மரத்தின் தாயகம் முழுவதும்.

இத்துணைச் சிறிய இடத்தில் 2020, 2021 ஆகிய இரண்டே ஆண்டுகளில் பரவிய காட்டுத் தீக்களால், நான்கு அடிக்கு மேல் குறுக்களவுள்ள பெரிய ஸெக்கோயாக்களில் நூற்றுக்குப் பதின்மூன்று முதல் பத்தொன்பது வரை மாண்டன என்று தேசீயப் பூங்கா இலாகாவினர் கணக்கிட்டுள்ளனர். ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகளாய் எத்தனையோ தீக்களைத் தாங்கி நின்ற மரங்கள் இவை. அன்றியும், தீயின் உதவியின்றிச் செவ்வனே இனம் பெருக்க மாட்டாத மரமும் இதுவே. தீயினால் பிழைக்கும் மரம் தீயினாலேயே மாண்டது எவ்வாறு என்பது விளங்கினால், இதனை வளர்க்கும் முறை பெரும்பாலும் விளங்கிவிடும்.

மரத்தின் இயல்பு

ஸெக்கோயா தேசீயப் பூங்காவில் நிற்கும் ஜெனரல் ஷெர்மன் என்னும் மரமே, உயிரோடிருக்கும் தனிமரங்களுள் அடிமரத்தின் கன அளவினால் மிகப் பெரியது. அதன் உயரம் சுமார் 275 அடி. உயர்ந்த தென்னை மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாய் நிறுத்தினால்தான் அதன் உச்சியை எட்டும். தரைமட்டத்தில் சுற்றளவு 102 அடிக்கு மேற்பட்டது. அடிமரத்தின் கனம் மட்டும் ஏறக்குறைய 52,500 கன அடியாகும். வயது 2,200 ஆண்டுகள் இருக்கலாம் என்பது மதிப்பு. வெட்டுண்ட அடிக்கட்டைகளில் வளையங்களை எண்ணிப் பார்த்தபோது 3,200 ஆண்டுகளைக் கடந்த மரங்களும் இருந்தமை புலப்பட்டிருக்கிறது. இதற்கு நெருங்கிய உறவினதான கடற்கரைச் செம்மரம் இதைக் காட்டிலும் உயரமாய் வளரும். ஆனால் பருமனில் இதற்கு நிகராகாது.

இம்மரத்தின் பட்டை முதிர்ந்த மரங்களின் அடியில் ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை கனமுள்ளது. நார் நாராய், மெத்தையைப் போல் மிருதுவாய், எளிதில் தீப்பற்றும் பிசின் மிகச் சொற்பமாய், துவர்ப்புச் சத்து மிகுதியாய் அமைந்தது. நிலத்தோடு படர்ந்து செல்லும் சாதாரணத் தீ இப்பட்டையைக் கருக்கிவிட்டு அப்பாற் போய்விடுமேயன்றி, உள்ளே உயிருள்ள பாகத்தைத் தீண்டுவதில்லை. பட்டையின் அருமையை மனிதர் ஒரு கொடிய பரிசோதனையால் அறிந்தனர். 1854-ஆம் ஆண்டில் காலவெராஸ் தோப்பில் 'வனத்தின் தாய்' எனப் பெயர் பெற்ற மரத்தின் பட்டையை 116 அடி உயரம் வரை உரித்து எடுத்து, நியூயார்க்கிலும் லண்டனிலும் காட்சிக்கு வைத்துப் பணம் திரட்டினர். மரம் சில ஆண்டுகளிற் பட்டுப்போயிற்று. பின்னர் 1908-ல் அவ்வழியே ஒரு தீ வந்தபோது, கவசமற்று நின்ற அவ்வுடல் பெரும்பாலும் எரிந்துபோயிற்று.

வேர் விஷயத்தில் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. இவ்வளவு பெரிய மரத்திற்கு ஆணிவேர் பாதாளம் வரை போயிருக்கும் என்று நினைப்பர். நாற்றுப் பருவத்தில் ஆணிவேர் இருப்பது மெய்யே. பிற்பாடு அது முக்கியமற்றுப் போய்ப் பக்கவேர்களே மரத்தைத் தாங்குகின்றன. முதிர்ந்த மரத்தின் வேர்கள் பெரும்பாலும் 12 அல்லது 14 அடி ஆழத்திற்குக் கீழே செல்வதில்லை. ஆனால் நாற்புறமும் நூறு அடிக்கு மேலும் பரவி, ஒரு மரம் ஓர் ஏக்கர் நிலத்தின் ஈரத்தைத் தனக்கே உரியதாக்கிக் கொள்ளும். வெயிற்காலத்தில் ஒரு பெருமரம் நாளொன்றுக்கு 500 முதல் 800 அமெரிக்கக் காலன் ஜலத்தை உறிஞ்சுகின்றது. அம்மலையில் ஆண்டுக்கு 35 முதல் 55 அங்குலம் வரை மழையும் பனியும் உண்டாயினும், அவை பெரும்பாலும் குளிர்காலத்திலேயே வந்துவிடுகின்றன. கோடை முழுவதும் வறட்சி. மேல்மலையில் உறைந்த பனி மெல்ல உருகி நிலத்தினுள் ஊறிக் கசிவதே கோடையில் இம்மரத்திற்குப் பாசனமாகும். எனவே பனி குறையும் ஆண்டுகளில் மரம் வருந்தும். 2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சியில் பல ஸெக்கோயாக்கள் உள் இலைகளை உதிர்த்துத் தம்மைக் காத்துக் கொண்டன.

மரவேலைக்கு இதன் முதிர்ந்த கட்டை அவ்வளவு ஏற்றதன்று. இளமரத்தின் கட்டை நன்றாயிருக்கும்; முதுமரத்தின் கட்டையோ எளிதில் உளுத்துப் போகாதாயினும் நொறுங்கும் தன்மையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கான்வர்ஸ் பள்ளத்தாக்கிலிருந்த பெருந்தோப்பை மரவியாபாரிகள் ஏறக்குறைய முழுவதும் வெட்டித் தள்ளினர். வெட்டிய மரங்கள் விழுந்த அதிர்ச்சியிலேயே துண்டு துண்டாய்ச் சிதறின. இரண்டாயிரம் ஆண்டு வளர்ந்த மரம் வேலிக்கால்களாகவும், திராட்சைக் கொடிக்கு ஊன்றும் முளைகளாகவும், கூரை ஓட்டுப் பலகைகளாகவும் முடிந்தது. எஞ்சியது கிடந்த இடத்திலேயே கிடந்தது. அவ்வளவு பிரயாசைக்கு வந்த ஆதாயமும் பெரிதன்று. அப்பள்ளத்தாக்கில் வெட்டாமல் விட்ட ஒரு பெருமரம், வெட்டும் வேலையை நடத்திய மேலாளரின் பெயராலேயே பூல் மரம் என இன்றும் வழங்கி வருகின்றது.

விதையும் தீயும்

இவ்வளவு பெரிய மரத்தின் விதை ஓட்ஸ் தானியத்தின் உமித்துணுக்குப் போன்றது. தட்டையாய், இரு பக்கமும் மெல்லிய சிறகோடு, கால் அங்குல நீளமும் இல்லாதது. ஒரு ராத்தல் எடையில் ஏறக்குறைய 91,000 விதைகள் நிற்கும். கோழிமுட்டை அளவான கூம்புக் காயொன்றில் சுமார் 200 விதைகள் உண்டு. காய் முதிர்வதற்கு இரண்டு பருவங்கள் செல்லும். முதிர்ந்த பிறகும் அது வெடிப்பதில்லை. பச்சையாய், மூடியபடியே, இருபது ஆண்டுகள் வரை கூடக் கிளையிலேயே தங்கும். ஆகவே ஒவ்வொரு பெருமரமும் தன் தலைமேல் ஆயிரக்கணக்கான காய்களாகிய ஒரு விதைக் களஞ்சியத்தை வைத்துக் கொண்டு தக்க காலத்தை எதிர்நோக்கி நிற்கின்றது எனலாம். காயினுள்ளே விதைகளுக்கிடையில் செந்நிறமான ஒரு பொடி உண்டு. அது நீரிற் கரைந்தால் நல்ல மையாகும். இம்மரங்களின் புகழைப் பரப்பிய ஜான் மூயர் என்பவர் அச்சாற்றைத் தொட்டே ஒரு கடிதம் எழுதினார்.

களஞ்சியத்தைத் திறப்பவர் மூவர். ஒன்று, டக்ளஸ் அணில். அது காயின் சதைப்பற்றான செதில்களைத் தின்று விதைகளைச் சிதறிவிடும். மற்றொன்று, நீண்ட மீசையுள்ள ஒரு சிறு வண்டு. அதன் புழு காயைத் துளைப்பதனால் நீரோட்டம் அறுபட்டுக் காய் உலர்ந்து வெடிக்கும். இவ்விரண்டினாலும் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாய் விதை விழுந்து கொண்டேயிருக்கும். மூன்றாவதான தீயே அக்களஞ்சியத்தை ஒரே முறையில் கொட்டுவிப்பது. நிலத்திலே தீ படரும்போது மேலெழும் வெப்பக் காற்றுக் கிளைகளிலுள்ள காய்களை உலர்த்த, தீ அணைந்த சில நாட்களுக்குள் விதைகள் இலட்சக்கணக்கில் மழைபோற் பொழியும்.

தீ செய்யும் உபகாரம் அத்தோடு நிற்பதில்லை. நாற்றங்கால் தயார் செய்வோர் இதனை எளிதில் உணர்வர். காட்டுத் தரையில் உதிர்ந்த ஊசியிலைகளும் சுள்ளிகளும் அங்குலக் கணக்கில் மூடிக் கிடக்கின்றன. அதன்மேல் விழும் விதை முளைவிட்டாலும், மெல்லிய வேர் மண்ணைத் தொடுமுன் சருகு உலர்ந்துவிடும், நாற்றும் மடியும். சருகின்மேல் வெயிலிற் கிடக்கும் விதை சில வாரங்களிலே முளைக்கும் சக்தியை இழந்துவிடும். தீயானது சருகை எரித்து மண்ணை வெளிப்படுத்துகின்றது. மண்ணைப் பொருபொருவென்று இளக்கி, விதை அரை அங்குல ஆழத்திற்குள் தானே அடங்கிக் கொள்ளும்படி செய்கின்றது. நாற்றை அழுகச் செய்யும் பூஞ்சணங்களைக் கொல்கின்றது. சாம்பலாகிய எருவை இடுகின்றது. போட்டி மரங்களைக் கொன்று ஆகாயத்தைத் திறந்து வெயிலையும் ஈரத்தையும் ஒருங்கே அளிக்கின்றது. உழுது, களையெடுத்து, எருவிட்டு, விதைத்து மூடும் வேலை முழுவதையும் ஒரே நாளில் முடிக்கும் பண்ணையாள் அது. நிழலில் இம்மரத்தின் கன்று வளராது என்பதை நினைவில் வைத்தால், இவற்றுள் கடைசியாய்ச் சொன்ன உபகாரமே மிகப் பெரிது என்பது தெளியும்.

இவ்வளவு வசதியிருந்தும் முதற் கோடையைத் தாண்டும் நாற்றுகள் மிகச் சிலவே. தாண்டியவற்றுள்ளும் ஆயிரத்தில் ஒன்று பெருமரமானால் அதுவே அதிகம்.

காவலால் வந்த கேடு

பழைய மரங்களின் வளையங்களிலுள்ள தீக்காயங்களை ஆராய்ந்ததில், இரண்டாயிரம் ஆண்டுகளாக இத்தோப்புகளில் பெரும்பாலும் இரண்டு மூன்று பத்தாண்டுகளுக்குள் ஒரு முறையேனும் தீ படர்ந்து வந்தமை தெரிகின்றது. இடியினால் மூண்டவை சில. அம்மலைகளில் வாழ்ந்த ஆதிகுடிகள் வேட்டைக்கும் கிழங்கு, விதை முதலிய உணவுகளுக்குமாக வேண்டுமென்றே இட்டவை சில. அடிக்கடி வந்தமையால் அத்தீக்கள் தாழ்வாகவே எரிந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இம்முறை திடீரென்று நின்றது. ஆதிகுடிகள் தங்கள் நிலங்களினின்றும் துரத்தப்பட்டனர். ஆட்டு மந்தைகள் புல்லை மேய்ந்தமையால் தீ படர வழியில்லாது போயிற்று. அப்பால் சர்க்கார் சிப்பந்திகள் காட்டில் மூளும் ஒவ்வொரு தீயையும் அணைப்பதையே தங்கள் கடமையாகக் கொண்டனர். 1890-ல் ஸெக்கோயா தேசீயப் பூங்கா ஏற்பட்டது. வெட்டுக்கோடரியினின்றும் மரங்களைக் காப்பாற்றிய அதே காவலர், நல்லெண்ணத்தினாலேயே, தீயினின்றும் அவற்றைக் காப்பாற்ற முயன்றனர். கண்ணெதிரே எரியும் காட்டைப் பார்த்துக் கொண்டு சும்மா நிற்க எந்த அதிகாரிக்குத்தான் மனம் வரும்!

ஐம்பது, அறுபது ஆண்டுகள் கழிந்தபின் தோப்புகளில் ஒரு குறை தென்பட்டது. முதுமரங்கள் நின்றன, கன்றுகள் இல்லை. அவற்றிற்குப் பதிலாக, நிழலிலும் வளரவல்ல வெண்பர் மரங்கள் அடர்ந்து, அடியிலிருந்து நுனிவரை கிளைவிட்டு நின்றன. 1960-களில் சான் ஹோஸே கல்லூரியைச் சேர்ந்த ரிச்சர்டு ஹார்ட்ஸ்வெல்ட், தாமஸ் ஹார்வி முதலிய ஆராய்ச்சியாளர் ரெட்வுட் மௌண்டன் தோப்பில் சிறு சிறு பகுதிகளை எரித்துப் பார்த்தனர். எரித்த இடங்களில் ஸெக்கோயா நாற்றுகள் நெருக்கமாய் முளைத்தன. எரிக்காத பக்கத்து நிலத்தில் முளைக்கவில்லை. இதன் பயனாகத் தேசீயப் பூங்கா இலாகாவினர் அத்தசாப்தம் முடியுமுன்பே திட்டமிட்ட எரிப்பைத் தொடங்கினர்.

இவ்வெரிப்பு வேலை நடக்கும் விதம் கிராம அதிகாரிகளுக்குச் சுவையுள்ளதாயிருக்கும். மனம் போனபடி நெருப்பு வைப்பதன்று. எரிக்க வேண்டிய நிலத்தின் எல்லை, சரிவு, சருகின் ஈரம், காற்றின் வேகமும் திசையும், வளியின் ஈரப்பதம், ஆட்களின் எண்ணிக்கை, தீ மீறினால் செய்ய வேண்டுவது ஆகிய யாவும் முன்னதாகவே எழுதி ஒப்புதல் பெறப்படும். பள்ளத்தாக்கு ஊர்களின் காற்றுத் தூய்மையைக் கவனிக்கும் அதிகாரிகளும் அனுமதி தரவேண்டும். புகை ஊருக்குள் இறங்கும் நாளாயின் அனுமதி கிடையாது. எல்லையிலே மண்ணைச் சுரண்டித் தீத்தடை அமைத்தபின், பெருமரங்களின் அடியில் பல்லாண்டாய்க் குவிந்த செத்தையை வாரி அப்புறப்படுத்துவர். அக்குவியல் நின்று நிதானித்து எரிந்தால் பட்டையையும் ஊடுருவிச் சுடும். பிறகு மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கிப் பட்டை பட்டையாக எரித்து வருவர். குறித்த நிலைமைகளெல்லாம் ஒருங்கே வாய்க்கும் நாட்கள் ஆண்டில் மிகச் சில. புகையைப் பற்றி முறையிடுவோரும் உண்டு. ஆகையால் எரிக்க வேண்டிய பரப்பில் ஒரு சிறு பங்கே எரிக்கப்பட்டு வந்தது. இதுவே பின்னர் வந்த விபத்திற்குக் காரணங்களுள் ஒன்று.

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மின்னலால் மூண்ட காஸில் தீயில் 7,500 முதல் 10,600 வரை பெரிய ஸெக்கோயாக்கள் மாண்டன. மறு ஆண்டு செப்டம்பரில், மின்னலாலேயே மூண்ட கே.என்.பி. தீத்தொகுதியும் விண்டி தீயும் மேலும் 2,261 முதல் 3,637 வரை மரங்களைக் கொன்றன. ஒரு நூற்றாண்டாய்க் குவிந்த சருகும், வறட்சியில் வண்டரித்துச் செத்து நின்ற பைன், பர் மரங்களும், வழக்கத்தினும் மிகுந்த வெப்பமும் சேர்ந்தமையால் தீ தரையை விட்டுக் கிளம்பி, அடர்ந்த பர் மரங்களையே ஏணியாகக் கொண்டு, ஸெக்கோயாக்களின் உச்சிக்கே சென்றது. இரண்டடிப் பட்டை அடியைக் காக்கலாம்; உச்சியிலுள்ள பசுமை முழுவதும் வெந்தபின் மரம் எவ்வாறு பிழைக்கும்? அதனோடு காய்களும் வெந்து போயின. 2021-ல் ஜெனரல் ஷெர்மன் மரத்தின் அடியைத் தீ தாங்கும் அலுமினியத் தகட்டுத் துணியால் சுற்றிக் காத்தனர். அம்மரமும் அதனைச் சூழ்ந்த ஜயண்ட் பாரஸ்டு தோப்பின் பெரும்பகுதியும் தப்பின. அத்தோப்பிலே பல ஆண்டுகளாகத் திட்டமிட்ட எரிப்பு நடந்து வந்திருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1970-கள் முதல் அவ்வாறே எரிக்கப்பட்டு வந்த மாரிபோஸா தோப்பினுள் 2022 ஜூலையில் வாஷ்பர்ன் தீ நுழைந்தபோதும், முதுமரங்கள் பிழைத்தன. அதே மாதத்தில் ஐக்கிய நாட்டு வன இலாகாவினர் அவசர நடவடிக்கை என்று விளம்பரம் செய்து, பன்னிரண்டு தோப்புகளில் சிறு மரங்களை வெட்டிச் செத்தையை அகற்றும் வேலையைத் தொடங்கினர்.

விதையிலிருந்து கன்று வளர்த்தல்

மூடிய பச்சைக் காய்களையே பறித்தல் வேண்டும். தானே வெடித்து விழுந்த காய்களில் விதை இராது. பறித்த காய்களைக் காற்றோட்டமான உலர்ந்த அறையில் சில வாரங்கள் பரப்பி வைத்தால் செதில்கள் விரிந்து விதை உதிரும். விதைகளுள் பல பதர். நல்லவற்றிலும் எல்லாம் முளைப்பதில்லை. நூற்றுக்கு முப்பது நாற்பது முளைத்தால் திருப்தியடையலாம். ஆதலால் வேண்டிய கன்றுகளைப் போல் பல மடங்கு விதை விடவேண்டும்.

விதையை ஒரு நாள் நீரில் ஊற வைத்து, ஈரமணலோடு கலந்து, உறைநிலைக்குச் சற்று மேற்பட்ட குளிரில் ஏறக்குறைய இரண்டு மாதம் வைத்திருந்தால் முளைப்பு ஒரே சீராய் வரும். மலையிலே பனியின் கீழ்க் கிடக்கும் குளிர்காலத்திற்கு இது பதிலாகும். வசந்தத்தில், மணல் மிகுந்து நீர் தேங்காத மண்ணில் விதைத்து, எட்டில் ஒரு பங்கு அங்குலத்திற்கு மேற்படாமல் மண் தூவ வேண்டும். ஆழ விதைப்பது வீண். முளைக்கும் நாற்றுக்கு வழக்கமாய் நான்கு விதையிலைகள் இருக்கும்.

நாற்றுக்கு இரு பகை: ஒன்று வறட்சி, மற்றொன்று அழுகல். ஈரம் வற்றினால் இரண்டொரு நாளிலேயே நாற்று சாயும்; ஈரம் தேங்கினால் தண்டின் அடி கறுத்துச் சாயும். இரண்டிலும் சாய்வது ஒன்றுபோலவே காணப்படுமாதலால், அநுபவமற்றவர் அழுகலை வறட்சியென்று எண்ணி மேலும் நீர் வார்த்து மிச்சத்தையும் கெடுத்துக் கொள்வர். அடியைப் பார்த்தே நிச்சயிக்க வேண்டும். காலையில் மட்டும் நீர் தெளித்து, இலைகள் மாலைக்குள் உலரும்படியும், காற்று நன்கு உலாவும்படியும் செய்தல் நலம். முதற் பருவத்தில் அரை நிழல் போதும். பிறகு நிழல் கூடாது. தொட்டி ஆழமில்லாவிடில் ஆணிவேர் சுருண்டு கொள்ளும். சுருண்ட வேரோடு நட்ட மரம் பிற்காலத்தில் காற்றுக்கு நில்லாது. ஆகையால் நீண்ட குழாய் போன்ற தொட்டிகளையே தேர்ந்த நாற்றுப்பண்ணையார் உபயோகிக்கின்றனர்.

ஓராண்டு அல்லது ஈராண்டுக் கன்றை, நாள் முழுவதும் வெயில் படும் திறந்த இடத்தில், ஆழமான, நீர் வடியும் மண்ணில் நடவேண்டும். அடியைச் சுற்றிப் புல் வளரவிடலாகாது. முதல் இரண்டு மூன்று கோடைகளில், தினம் சிறிது தெளிப்பதினும், நாள் விட்டு ஆழமாய் நனையும்படி நீர் பாய்ச்சுவதே வேரைக் கீழ்நோக்கிச் செலுத்தும். நிலத்தடியில் வளைதோண்டி வாழும் கோபர் என்னும் எலி இனம் வேரைக் கடித்துப் பெருநஷ்டம் விளைவிக்கும். மான் கொழுந்தைத் தின்னும். வீட்டினருகே நடுவோர் முதலில் பெருமரத்தின் அடிச்சுற்றளவை ஒரு முறை நினைத்துப் பார்த்தல் நல்லது. நல்ல நிலத்தில் இளமரம் ஆண்டுக்கு இரண்டடி உயரும். கலிபோர்னியாச் சர்வகலாசாலையார் தங்கள் பரிசோதனை வனங்களில் நட்டுப் பார்த்ததில், விசாலமான இடைவெளியிலும், எரித்த சாம்பல் படிந்த மண்ணிலும் கன்றுகள் மற்ற இடங்களினும் விரைந்து வளர்ந்தன.

பிற நாடுகளில் நட்ட மரங்கள்

1853-ல் வில்லியம் லாப் என்னும் செடி சேகரிப்பவர் இம்மரத்தின் விதைகளையும் கன்றுகளையும் இங்கிலாந்திற்குக் கொண்டு சென்றார். அதற்கு முந்திய ஆண்டில் காலமான வெல்லிங்டன் பிரபுவின் ஞாபகார்த்தமாக வெல்லிங்டோனியா என்று அங்கே பெயர் சூட்டினர். அமெரிக்கர் அதனை ஏற்கவில்லை. சாஸ்திர முறைப்படி இன்று வழங்கும் ஸெக்கோயாடெண்ட்ரான் ஜைகாண்டியம் என்ற பெயரை 1939-ல் புக்ஹோல்ஸ் என்பவர் இட்டார். செல்வர்களின் மாளிகைச் சாலைகளில் அக்காலத்தில் இது பெரிதும் நடப்பட்டது. ஸ்காட்லாந்தில் பென்மோர் தோட்டத்தில் 1863-ல் இரு வரிசையாக நட்ட சாலை மரங்கள் இன்று 150 அடியைக் கடந்து நிற்கின்றன. ஆயினும் அங்கே விதை விழுந்து கன்று தானே வளர்ந்து காடாவதில்லை, நட்டவை நட்டவையே.

இந்நாட்டுச் சமவெளிகளில் இதனைப் பயிரிடலாமோ என்று கேட்பவருக்கு, கலிபோர்னியாவின் தாழ்ந்த உஷ்ணப் பிரதேசங்களின் அநுபவமே தக்க விடை. மலையிலிருந்து ஒரு நாட்பிரயாண தூரத்திற்குள்ளேயே, பாசனமுள்ள தோட்டங்களில் அழகிற்காக நட்ட மரங்கள் சில ஆண்டு செழித்துப் பிறகு பாட்ரியோஸ்பேரியா என்னும் பூஞ்சணப் புண்ணால் கிளை கிளையாகப் பழுத்துக் காய்ந்து அலங்கோலமாகின்றன. குளிர்காலக் குளிரும் பனியும் இல்லாத இடத்திற்கு இது உரிய மரமன்று.

முதுமரங்களைப் பேணுதல்

ஸெக்கோயா முதுமையால் மட்டும் சாவது அரிது; பூச்சிகளால் சாவதும் அரிது. வேர் பலவீனப்பட்டுச் சாய்ந்து விழுவதே பெரும்பாலும் அதன் முடிவு. ஆகவே வேர் பரவிய நிலத்தை இறுக்காமல் வைத்தலே பேணுதலின் சாரம். யாத்திரிகர் திரள் திரளாய் மிதித்தலாலும், தார்ச்சாலை, கட்டிடம் இவற்றாலும் மண் இறுகி நீரும் காற்றும் புகாது போகின்றன. 1920-களிலேயே மைனெக்கே என்னும் மரநோய் நிபுணர் இதனை எடுத்துக் காட்டினார். எனினும் ஜயண்ட் பாரஸ்டு தோப்பினுள் விடுதிகளும் கடைகளும் பெருகிக் கொண்டே போயின. 1990-களின் இறுதியில்தான் 282 கட்டிடங்களை இடித்து அப்புறப்படுத்தி, மண்ணைக் கிளறிவிட்டு, நிலத்தைப் பழையபடி மரங்களுக்கு விட்டனர். அடிமரத்தைக் குடைந்து வண்டிப்பாதை விடுவது போன்ற விளையாட்டுக்கள் வேறு. 1881-ல் அவ்வாறு குடைந்த வவோனா மரம் 1969-ல் பனிச்சுமை தாங்காமல் விழுந்தது.

மறுநடவு

தீ மிதமாய் எரிந்த இடங்களில் இன்று ஸெக்கோயா நாற்றுகள் தாமே முளைத்திருக்கின்றன. பெருமரங்கள் யாவும் வெந்துபோன இடங்களிலோ விதைதரும் தாய்மரமே இல்லை. விதையும் சில நூறு அடிகளுக்கு மேல் காற்றிற் பறந்து செல்வதில்லை. அங்கே புதர்கள் மூடி மீண்டும் எரிவதற்கு இடமாகுமேயன்றித் தோப்பு திரும்பாது என்று பூங்கா இலாகாவினர் கருதினர். ஆகவே சேகரித்த விதைகளிலிருந்து நாற்றுப்பண்ணைகளில் கன்றுகள் வளர்த்து, 2023-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ரெட்வுட் மௌண்டன் தோப்பிலும் போர்டு காம்ப் தோப்பிலும் நடுவதற்கு முடிவு செய்தனர். மனிதன் கைபடாமல் விடவேண்டுமென்று சட்டத்தால் ஒதுக்கிய வனத்தினுள் நடுவது முறையன்று என்றும், இயற்கையாகவே போதிய நாற்றுகள் உள்ளன என்றும் வனப்பாதுகாப்புச் சங்கத்தார் சிலர் ஆட்சேபித்தனர். இவ்வாட்சேபணையில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் நாற்றுகளை எண்ணிப் பார்த்துத்தான் இவ்வழக்கைத் தீர்க்க முடியும். எண்ணுவதற்குக் காத்திருக்கும் ஒவ்வொரு கோடையிலும் புதர் ஒரு முழம் உயர்ந்து கொண்டிருக்கும்.

நடவு வேலை குளிர்காலப் பனி விழுமுன் செய்யப்படுகின்றது. எரிந்து கரியாய் நிற்கும் முதுமரங்களுக்கிடையே, விழுந்து கிடக்கும் கட்டைகளின் வடபுற நிழலிலும், மண் ஈரமுள்ள பள்ளங்களிலும், மண்வெட்டியால் ஒரு சிறு குழியிட்டு, ஒரு சாண் உயரமுள்ள கன்றை வைத்து, காற்றுப் புகாதபடி மண்ணை மிதித்துவிட்டு அடுத்த இடத்திற்குச் செல்வர். வேலியுமில்லை, நீர் பாய்ச்சுவாருமில்லை. வசந்தத்தில் உருகும் பனியே முதற் பாசனமாகும். அதற்கடுத்த கோடையில் எத்தனை கன்றுகள் பிழைத்தன என்று சிப்பந்திகள் வரிசை வரிசையாய்ச் சென்று எண்ணி எழுதிக் கொள்வர்.